ஒரு தடவை நடந்ததை வைத்து

சோறு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எங்கள் டாக்டரால் சொல்ல முடியாது. கர்வமெல்லாம் இல்லை, பாவம். சொன்னால் அது முழு உண்மையாக இருக்குமா என்று அவருக்கு ஒரு கவலை.

கிள்ளானில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துப் போனேன். நண்டு, ஆட்டுக்கறிப் பிரட்டல், மூன்று வகைக் காய், ரசம் இரண்டாம் தடவை. இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தவரிடம் கடைக்கார அங்கிள் ஆசையாகக் கேட்டார்.

"எப்படி டாக்டர் நம்ம சாப்பாடு?"

"இன்னிக்கு நல்லா இருந்துது. ஆனா ஒரு தடவை சாப்பிட்டதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் வேற ரொம்பப் பசியோட வந்தேன்."

அங்கிளுக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு மானம் போயிற்று. அவர் மனைவி மட்டும் அசராமல் மகளுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பழகிவிட்டது போல.

நான் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா. கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறவள். விண்ணப்பப் பாரம் நிரப்புவது, வெளிநாட்டவர்களின் விசா பாஸ் புதுப்பிப்பது, ஆராய்ச்சியாளர்கள் எழுதித் தருகிற கட்டுரைகளை ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்கிற மாதிரி வரிசைப்படுத்திக் கொடுப்பது, இதெல்லாம் என் பாடு. அவர் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் துறைக்கு வந்தவர். டிங்கி, அவர் ஊரில் டெங்கு, அதைப் பரப்பும் கொசு எங்கே முட்டையிடுகிறது, எத்தனை இடுகிறது என்று எண்ணுவது அவர் ஆராய்ச்சி. ஏழு வருஷம் எங்களோடு இருந்தார்.

வந்த முதல் நாள் என்னை "மேடம்" என்றார்.

"மேடமெல்லாம் வேண்டாம் டாக்டர். இங்க எல்லாருக்கும் நான் அக்காதான்."

"உங்களுக்கு என்னைவிட வயசு கூடவான்னு எனக்குத் தெரியாதே மேடம்."

வேறு வழியில்லாமல் பிறந்த வருஷத்தைச் சொன்னேன். ஆறு வயது மூத்தவள் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அக்கா என்று கூப்பிட்டார். என் வயதை ஆபீஸில் அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு தடவை உடம்பு முடியாமல் லீவ் பாரம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாததால் உறுதி செய்யப்படவில்லை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் துறைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். மலாய்க்காரப் பெண்மணி, சுலபத்தில் சிரிக்கிறவர் இல்லை. எதற்கும் ஓர் 'ஆனா' போடுகிற நம் டாக்டருக்கு ஆபீஸில் "டாக்டர் ஆனா" என்று பெயர் விழுந்தது. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஆனா என்றால் அவருடைய அப்பா பெயரா?" என்று சீனப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு பத்தி வரும். இந்த ஆய்வில் என்னென்ன குறைகள் என்று எழுதியவரே ஒத்துக்கொள்கிற பத்தி. மற்றவர்கள் சாஸ்திரத்துக்கு இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவருக்கு அதுதான் கட்டுரையிலேயே பிடித்த இடம். ஒரு பக்கத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் சுருக்கச் சொல்லி அனுப்புவார்கள். இவர் இன்னும் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சேர்த்து அனுப்புவார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய நாலு மாடி பிளாட்டில் குடியிருந்தார். அந்த வட்டாரத்து பிளாட்டுகளின் மாடிப்படி ஓரமெல்லாம் கறுப்பு டின் வைத்து, பாதித் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு பலகைச் சில்லு போட்டு வைப்பார். கொசு அந்தச் சில்லில் முட்டையிடும். வாரா வாரம் எடுத்துப் போய் எண்ணுவார். ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனபோது, இரண்டாம் மாடி ஆன்டி அவரைப் படியில் மடக்கியிருந்தார்.

"டாக்டர், மாசக்கணக்கா டின் வெக்கிறீங்க. கொசு செத்துச்சா இல்லையா?"

"நான் கொல்றதில்ல ஆன்டி. எண்ணுறேன்."

"எண்ணி என்னா செய்யப் போறீங்க?"

"எண்ணினா தெரியும்."

"என்னா தெரியும்?"

"அது எண்ணி முடிச்சாதான் தெரியும்."

ஆன்டி என்னைப் பார்த்தார். "உங்க டாக்டருக்கு வேற வேலை இல்லையா லா?"

அதே ஆன்டியின் வீட்டுக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள், ஒருநாள் காய்ச்சலில் படுத்தார். வழக்கமான காய்ச்சல்தான், பெனடால் போட்டால் போய்விடும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டின் எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "டிங்கியா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது. சொல்ல முடியாததாலதான் சொல்றேன், இப்பவே கிளம்புங்க" என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ரத்தம் பார்த்தார்கள், டிங்கிதான். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளையே பார்த்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இவர் அங்கேயே மூன்று நாள் கிடந்தார், சொந்த மகனைப் போல.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. நன்றிக்கடனாக என்ன செய்வது என்று தெரியாத ஆன்டி, இரண்டாம் மாடி டின்களையெல்லாம் தினமும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றிப் பளபளவென்று வைக்க ஆரம்பித்தார். ஐந்து வாரம்! இவர் வாரா வாரம் வந்து பார்க்கிறார், சில்லில் ஒரு முட்டை இல்லை. விஷயம் தெரிந்தபோது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஆன்டியை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த வருஷக் கட்டுரையின் குறைகள் பத்தியில் மட்டும் இப்படி ஒரு வரி வந்தது: "இரண்டாம் மாடி எண்ணிக்கை சேர்க்கப்படவில்லை, குடியிருப்பவர் ஒருவர் அன்பின் காரணமாக டின்களைச் சுத்தம் செய்துவிட்டார்."

"அன்பின் காரணமாகங்கறதை எடுத்துரலாமா டாக்டர்? சிரிப்பாங்க."

"காரணம் அதுதானே அக்கா?"

என் அம்மா இறந்தபோது ஆபீஸிலிருந்து எல்லாரும் வந்தார்கள். நல்ல சாவு, வலி தெரியாமல் போய்விட்டார்கள், இனி கஷ்டம் இல்லை என்று ஆளுக்கொரு ஆறுதல். எத்தனை வலியில் போனார் என்று எனக்குத்தான் தெரியும். இவர் என் முன்னால் வந்து நின்று, "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா" என்றார். அப்புறம் சாயங்காலம் வரை வாடகை நாற்காலிகளை மடக்கி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குப் பிடித்த ஒரே ஆறுதல் அவர் சொன்னதுதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை, நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு ஐசி. அம்மா கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தார். யாரும் பதிவு செய்யவில்லை. காலமெல்லாம் சிவப்பு ஐசிதான். நீலத்துக்கு எழுதிப் போட்டு, கவுண்டரில் கூப்பிட்டுக் கேட்டபோது பக்கத்தில் நான் நின்றேன். இந்த நாட்டில்தான் பிறந்தீர்களா? அம்மா சொன்ன பதில், "அப்படித்தான் எங்க ஆத்தா சொன்னாங்க." ஆமாம் என்று அடித்துச் சொல்லும்மா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "பொறந்தப்ப நான் பார்த்தேனா?" என்றார். அத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். சிவப்பு ஐசியோடுதான் செத்தார்.

அந்தச் சிவப்பு ஐசிக்குத்தான் நம் டாக்டர் தவம் கிடந்தார்.

அவருக்கு முதலில் ஒரு வருஷம், பிறகு இரண்டிரண்டு வருஷமாக ஒப்பந்தம். அவர் மனைவி பல் மருத்துவர். கணவனைச் சார்ந்தவர் என்ற பாஸில் வந்தவர் என்பதால் இங்கே ஒரு பல்லைக்கூடப் பிடுங்க வழியில்லை. படித்த கையால் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் இங்கேயே தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து வளர்ந்தவள், இந்த ஊர் 'லா' போடாமல் அவளுக்கு வாக்கியம் முடியாது. ஐந்தரை வருஷம் ஆனபோது துறைத் தலைவர் டாக்டரையும் என்னையும் கூப்பிட்டார். இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வெளிநாட்டவருக்கு நீட்டிப்பு இல்லை. நிரந்தர அனுமதி வாங்கிவிட்டால் நிரந்தர வேலையிலேயே போட்டுவிடலாம் என்றார். கையில் பதினெட்டு மாதம் இருந்தது. ஆராய்ச்சி நிபுணர் என்ற பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் பாரங்களைத் தேடி எடுத்தேன்.

அதில் முக்கியமானது வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம். ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் கேட்டால் பெரியவர்கள், "நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். எல்லாரும் தன்னைத்தானே புகழ்ந்து எழுதி அனுப்புவார்கள். நான் அழகுபடுத்திக் கொடுத்த அப்படிப்பட்ட கடிதங்களை நம்பினால், எங்கள் துறையில் உலகப் புகழ் பெறாதவள் நான் ஒருத்திதான். ஜப்பானில் இருந்த பேராசிரியர் இவரிடமும் அதையே சொன்னார். இவருக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. நாலாம் நாள் ஒரு கடிதம் கொண்டு வந்தார்.

அரைப் பக்கம் என்ன வேலை செய்தார் என்று இருந்தது. அதற்குக் கீழே, சத்தியமாகச் சொல்கிறேன், குறைகள் என்று தலைப்பு. இவர் மெதுவாக வேலை செய்பவர். ஒரு கட்டுரையில் எண்ணிக்கை பிசகி, பிறகு திருத்தம் வெளியிட்டார். இவருடைய ஆராய்ச்சியால் டிங்கி குறைந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. கடைசி வரி: இந்தக் கடிதத்தின் முதல் வரைவை எழுதியது விண்ணப்பதாரரே.

"என்னா டாக்டர் இது? பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"சொன்னேனே. குறட்டை விடுவேன், வேலை நிரந்தரம் இல்லைன்னு ரெண்டையும் சொன்னேன்."

"அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"அதுக்குக் காரணம் எனக்குச் சரியாத் தெரியலக்கா."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆன்டிக்குப் புருஷனைத் திருப்பிக் கொடுத்த மனுஷன், தன்னைப் பற்றி எழுத இதுதானா கிடைத்தது? கவுண்டரில் நின்ற அம்மாவின் முகம் வேறு கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த இரண்டு நாள் அவர் காஜாங் பக்கம் டின் வைக்கப் போயிருந்தார். அப்போதுதான் அதைச் செய்தேன். குறைகள் முழுவதையும் வெட்டினேன். வெட்டியதோடு விட்டேனா? ஒரு வரி சேர்த்தேன்: "இவருடைய உழைப்பால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் டிங்கி குறைந்தது, அங்கே குடியிருப்பவர்கள் இவரை நன்றியோடு நினைக்கிறார்கள்." ஆபீஸ் மின்னஞ்சலில் ஜப்பானுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. யார் படிக்கிறார்கள்? கோப்பில் வைத்து மூடினேன். கடிதம் வந்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். என்னை நம்பி அவரும் திறந்து பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அசல் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போனேன். தூடோங் என்கிற தலைமுக்காடு அணிந்த மலாய் அதிகாரி, என் வயதுதான் இருக்கும், ரொம்ப மரியாதையாகப் பேசினார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில் அந்தக் கடிதத்தை எடுத்துப் புன்னகையோடு சொன்னார். உங்கள் உழைப்பால் அங்கே டிங்கி குறைந்திருக்கிறதே டாக்டர், என் அக்காவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார், மிக்க நன்றி.

நன்றி என்று மலாயில் ஒரு 'தெரிமா காசே' சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"மன்னிக்கணும். அது உண்மை இல்லை" என்றார் இவர்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் பேராசிரியர்தானே எழுதியிருக்கிறார்? இவர் கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார்.  படித்து முடித்துவிட்டு, "இதைத் திரும்ப எடுத்துக்கறேன். சரியான கடிதம் தர்றேன்" என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அந்த அதிகாரியே இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். கோப்பு திரும்பிப் போகும், புதுக் கடிதம் வந்த பிறகு மறுபடியும் வரிசையில் வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். இவர் சரி என்றார். அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

நேராக பிளாட்டுக்குக் காரை விட்டார். பிளாட்டில் அவர் மனைவி கேசரி கிண்டி வைத்திருந்தார். "என்னாச்சு?" என்று வாசலிலேயே கேட்டார்.

"நல்லாத்தான் போச்சு. ஆனா…"

"உங்க ஆனாவை அப்புறம் சொல்லுங்க. அக்கா, நீங்க உக்காருங்க, முதல்ல சாப்பிடுங்க."

கேசரியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.  கோழை நான்.

ஜப்பான் பேராசிரியர் நீண்ட விடுமுறையில் இருந்தார். புதுக் கடிதம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நம் டாக்டர் எழுதிய பழைய கடிதமேதான், குறைகள் தலைப்போடு, வரி மாறாமல். கோப்பு வரிசையில் நின்றது. நான் வாரம் தவறாமல் விசாரித்தேன். ஒப்பந்தம் முடிந்தது. துறைத் தலைவர் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார், முடியவில்லை. அவர்கள் கிளம்பிய அன்று இரண்டாம் மாடி ஆன்டி முறுக்கு டின்னைக் கையில் திணித்துவிட்டு அழுதார். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் போகல லா ஆன்டி" என்று ஒரே அழுகை. அவர் அன்றைக்கும் படியில் மறந்து விட்டுப்போன டின் ஏதாவது இருக்கிறதா என்று ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போய் நாலு மாதத்தில் ஆபீஸுக்கு அவர் பெயரில் கடிதம் வந்தது. நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

மேசையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. அவர் எழுதிய குறைகளோடேயே கொடுத்திருக்கிறார்கள். நான் கை வைக்காமல் இருந்திருந்தால், அவர் இங்கே இருக்கும்போதே இந்தக் கடிதம் வந்திருக்கும். உடனே போன் போட்டேன். தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வர்றீங்களா டாக்டர்? இன்னும் டைம் இருக்கு."

"அவ கிளினிக் போக ஆரம்பிச்சிட்டா அக்கா. இத்தனை வருஷம் கழிச்சு. வேண்டாம்."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. "டாக்டர், அந்த வரியை நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. பிரிக்பீல்ட்ஸ் மாடியில இருக்கிறவங்க நன்றியோட நினைக்கறது ஜப்பான்காரருக்கு எப்படித் தெரியும்?"

"என்னாலதான் போச்சு டாக்டர். நாலு மாசத்துல கை நழுவிப் போச்சே, பிள்ளையோட பள்ளிக்கூடம், எல்லாம் என்னாலதான்." ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். துறைத் தலைவர் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. பழைய கடிதம் இருந்திருந்தாலும் லேட் ஆகியிருக்கலாம். ஒரு தடவை நடந்ததை வெச்சு இதுதான் காரணம்னு சொல்லக் கூடாது. திரும்பச் செஞ்சு பார்க்கவும் முடியாது."

வேறு யார் சொல்லியிருந்தாலும், மனசு கேட்காமல் சும்மா சொல்கிறார்கள் என்றிருப்பேன். சாவு வீட்டில்கூட ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லாத ஆள் இவர். என் பாரம் முழுதும் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். மூச்சு விட முடிந்தது. ஏழு வருஷம் நாங்கள் கேலி செய்த அந்தப் பேச்சு அன்றைக்கு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வைப்பதற்கு முன்னால் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "இங்க இருந்த ஏழு வருஷம் எப்படி இருந்துச்சு டாக்டர் உங்களுக்கு?"

"நல்லா இருந்துதுக்கா."

போனைக் காதில் வைத்தபடி ஆனாவுக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை.